விராலுக்கு ரப்பர் தவளை: நீர்ப்பரப்பில் தூண்டில் போடும் முறை

குளத்து மீன்களில் விராலுக்கு உள்ள கிராக்கி வேறு எந்த மீனுக்கும் இல்லை. முள் குறைவு, சதை கெட்டி, உயிரோடு சந்தைக்குக் கொண்டுபோகலாம் என்பதால் கெண்டை வகைகளைவிட எப்போதும் கூடுதல் விலைக்குப் போகிறது. ஏரி, குளம், வாய்க்கால், வயற்குட்டை, பாசனக் கிணறு என்று நீர் தேங்கும் இடமெல்லாம் வளரக்கூடியது. ஆனால் வலைக்கு எளிதில் சிக்காது. செடி கொடி அடர்ந்த இடத்தில் பதுங்கும். வலை வந்தால் சேற்றில் புதையும், அல்லது வலைக்கு மேல் துள்ளித் தப்பும்.

இதனால் விராலைப் பிடிக்கப் பலரும் தவறான வழிகளில் இறங்குகிறார்கள். மின்கம்பியைத் தண்ணீரில் விடுகிறார்கள். நீரில் விஷம் கலக்கிறார்கள். குஞ்சுக் கூட்டத்தோடு நிற்கும் தாய் மீனையே குறிவைக்கிறார்கள். ஒரு நாள் குழம்புக்காக அடுத்த இரண்டு ஆண்டு மீனை இழக்கும் வேலை இது. செலவு குறைந்ததும் மீன் வளத்தைக் கெடுக்காததுமான வழி ஒன்று உண்டு. நீரின் மேற்பரப்பில் மிதக்கும் போலி இரையைக் கொண்டு தூண்டில் போடுவதுதான் அது.

மூச்சு வாங்க மேலே வரும் மீன்

விரால் மற்ற மீன்களைப்போல் செவுளை மட்டும் நம்பி வாழ்வதில்லை. அதன் தலைக்குள், செவுளுக்கு மேலே, காற்றைச் சுவாசிக்கும் தனி அறை இருக்கிறது. சில நிமிடங்களுக்கு ஒரு முறை மேலே வந்து ஒரு வாய் காற்றை எடுத்துக்கொண்டு கீழே போகும். மேலே வர முடியாமல் தடுத்தால் நல்ல தண்ணீரிலேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். கோடையில் குளம் வற்றும்போது ஈரச் சேற்றுக்குள் புதைந்து உயிர் பிழைப்பதும், மழை இரவில் ஈரத் தரையில் ஊர்ந்து ஒரு குட்டையிலிருந்து மற்றொன்றுக்குப் போவதும் இதனால்தான்.

இரை தேடும் பழக்கமும் இதை ஒட்டியதே. தவளை, சிறு மீன், நீரில் விழும் பூச்சி ஆகியவற்றைச் செடி மறைவில் காத்திருந்து, மேற்பரப்பில் பாய்ந்து கவ்வும். தண்ணீரின் மேல் எழும் சிறு அதிர்வைக்கூட அதன் உடலின் பக்கவாட்டுக் கோடு உணர்ந்துவிடும். ஆகவே அடியில் மண்புழுவோடு காத்திருப்பதைவிட, மேலே தவளைபோல் நீந்தும் பொருளைக் காட்டினால் விரால் விரைவில் ஏமாறும்.

தேனீ வளர்த்தவர் செதுக்கிய தவளை

மிதக்கும் போலி இரைகள் பெருகியது அமெரிக்காவில். மிச்சிகன் மாநிலத்தின் டவாஜியாக் ஊரைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹெடன் தேனீ வளர்ப்பில் பெயர் பெற்றவர்; புது மாதிரித் தேன் பெட்டி ஒன்றையும் உருவாக்கியவர். அவர் 1890-களின் இறுதியில் மரத்தில் தவளை உருவம் செதுக்கி, முள் பொருத்தி, நீர்மேல் இழுத்து மீன் பிடித்தார். 1902-ல் அவர் குடும்பம் இதற்கென்று தொழிற்கூடமே தொடங்கிவிட்டது. அந்நாட்டின் கல் நிறைந்த தெளிந்த ஆறுகளில் வாழும் சிறுவாய் பாஸ் என்னும் மீனை இன்றும் கோடைக்காலக் காலையிலும் மாலையிலும் இப்படிப்பட்ட மிதவை இரைகளைக் கொண்டுதான் பலர் பிடிக்கிறார்கள்.

நம் நாட்டிலும் தூண்டில் கலை புதிதல்ல. மதராஸ் மாகாணத்தில் அதிகாரியாக இருந்த எச்.எஸ். தாமஸ், இந்திய ஏரி குளங்களில் தூண்டில் போடுவது பற்றி 1887-ல் தனி நூலே வெளியிட்டார். நீண்ட மூங்கில் கம்பின் நுனியில் உயிர்த் தவளையைக் கட்டி, அல்லி இலைகளுக்கிடையே தட்டித் தட்டி விராலை வரவழைப்பது நம் கிராமங்களில் வழிவழியாக உள்ள முறை. அந்த உயிர்த் தவளையின் இடத்தில் ரப்பர் தவளையை வைப்பதுதான் இங்கே சொல்லப்படும் மாற்றம்.

உயிர்த் தவளை ஏன் வேண்டாம்?

முதல் காரணம் வயல். நெல் வயலில் உள்ள தவளை இலைச்சுருட்டுப் புழு, தண்டுத் துளைப்பானின் அந்துப்பூச்சி, வெட்டுக்கிளி, தத்துப்பூச்சி என்று அகப்பட்டதையெல்லாம் தின்னும். பெரிய தவளை வயல் நண்டையும் விடாது. ஒரு காலத்தில் தவளைக் கால்கள் நம் நாட்டிலிருந்து டன் கணக்கில் வெளிநாடு சென்றன. தவளை குறைவது பயிருக்குக் கேடு என்ற கவலையால் 1987-ல் அந்த ஏற்றுமதி நிறுத்தப்பட்டது. அப்படிக் காப்பாற்றப்பட்ட தவளையைத் தூண்டில் முள்ளில் குத்துவது, கூலி கேட்காமல் பூச்சி பிடிக்கும் ஆளை விரட்டுவதற்குச் சமம்.

இரண்டாவது காரணம் காசு. உயிர்த் தவளையை விரால் முழுதாக விழுங்கிவிடும். முள் தொண்டையிலோ குடலிலோ ஏறும். அந்த மீன் சந்தை போவதற்குள் செத்துவிடலாம். செத்த விராலுக்கு உயிர் விராலின் விலை இல்லை. சிறிய மீன் மாட்டினாலும் திரும்ப விட முடியாது. ரப்பர் தவளையைக் கவ்வும் மீனுக்கோ பெரும்பாலும் உதட்டிலோ தாடையிலோதான் முள் ஏறும். கழற்றுவது எளிது, மீனும் உயிரோடு நிற்கும்.

செருப்பிலிருந்து தவளை

மீன்பிடிக் கருவிக் கடைகளில் ரப்பர் தவளைகள் கிடைக்கின்றன. வாங்க வசதியில்லாதவர்கள் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். தேய்ந்த ஹவாய் செருப்பின் அடிப்பகுதி தண்ணீரில் நன்றாக மிதக்கும்.

அதிலிருந்து 6 செ.மீ. நீளம், 2.5 செ.மீ. அகலம் உள்ள துண்டை வெட்டி, முன்பக்கத்தை மூக்குப்போல் கூராகச் சீவிக்கொள்ள வேண்டும். ஒரே அளவான இரண்டு பெரிய தூண்டில் முட்களை அருகருகே வைத்து, மெல்லிய செம்புக் கம்பியால் தண்டுப் பகுதியைச் சேர்த்துக் கட்டவும். முனைகள் இரண்டும் மேல்நோக்கி, ஒன்று இடமும் ஒன்று வலமும் சற்றே விலகி நிற்க வேண்டும். துண்டின் அடிவயிற்றில் நீளவாக்கில் கீறல் போட்டு, முள் தண்டை உள்ளே செருகி, சைக்கிள் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனால் ஒட்டி, மேலே நூல் சுற்றிவிடவும். முள்ளின் வளையம் மூக்குக்கு முன்னால் தெரிய வேண்டும். நரம்பு கட்டும் இடம் அதுவே.

முள் முனைகள் தவளையின் முதுகை ஒட்டியே படுத்திருக்க வேண்டும். அப்போதுதான் கோரை, அல்லி, ஆகாயத்தாமரை எதிலும் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு வரும். மீன் கவ்வி அழுத்தும்போது ரப்பர் அமுங்கி முனைகள் வெளியே வரும். பழைய சைக்கிள் டியூபிலிருந்து மெல்லிய கீற்றுகள் வெட்டிப் பின்னால் இரண்டு கால்களாகத் தொங்கவிடலாம். அடிவயிற்றின் பின்பகுதியில் மிளகு அளவு ஈயம் பொருத்தினால், வீசும்போது தவளை குப்புறப் புரளாமல் நேராக உட்காரும். தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டுச் சோதித்த பின்பே குளத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

கோலும் நரம்பும்

விரால் மாட்டியவுடன் செடிக்குள் பாயும். மெல்லிய நரம்பு அங்கேயே அறுந்துவிடும். அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள நைலான் நரம்போ, அதற்கு ஈடான வலுவுள்ள பின்னல் நூலோ வேண்டும்.

ரீல் பொருத்திய கோலாக இருந்தால் ஆறரை அல்லது ஏழு அடி நீளமும், எளிதில் வளையாத விறைப்பும் உள்ளதாகப் பார்த்து வாங்கவும். ரீல் இல்லாதவர்கள் 12 முதல் 15 அடி நீள மூங்கில் கம்பில் அதே அளவு நரம்பு கட்டினால் போதும். வாய்க்காலுக்கும் சிறு குட்டைக்கும் மூங்கிலே வசதி. பெரிய ஏரிக்குத்தான் ரீல் தேவைப்படும்.

எங்கே, எப்போது?

விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரையும், மாலையில் நான்கு மணிக்குப் பிறகு இருட்டும்வரையும் நல்ல நேரம். மேகமூட்டமான நாளில் பகலிலும் கிடைக்கும். காற்று பலமாக அடித்து நீர்ப்பரப்பு அலைபாயும்போது தவளை எழுப்பும் சிற்றலை மீனுக்குத் தெரியாது. அன்று வீண் முயற்சி.

ஓடும் நீரின் நடுவே விராலைத் தேட வேண்டாம். ஆற்றில் என்றால் நீரோட்டம் தணிந்த மடு, கரையோரக் கோரைப்புதர், தடுப்பணைக்கு அருகே ஒதுங்கி நிற்கும் தேக்கம் ஆகிய இடங்கள் ஏற்றவை. குளத்தில் செடியும் வெளிநீரும் சேரும் எல்லை, அல்லி இலைகளின் நடுவே உள்ள சிறு திட்டு இடைவெளி, மதகின் ஓரம், சாய்ந்து கிடக்கும் மரத்தின் நிழல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் விரால் மூச்சு வாங்கிய சத்தம் கேட்டால், சிறிது நேரத்தில் அதே சுற்றுவட்டத்தில் மறுபடி வரும் என்று எதிர்பார்க்கலாம்.

வீசுவதும் இழுப்பதும்

கரையில் தொம்தொம்மென்று நடந்தால் மீன் விலகிவிடும். நீரிலிருந்து சற்று விலகி நின்று, குறித்த இடத்துக்கு இரண்டு மூன்று அடி அப்பால் தவளை விழும்படி வீசவும். விழுந்தவுடன் இழுக்கக்கூடாது. எழுந்த வளையம் அடங்கும்வரை விட்டு, பிறகு கோல் நுனியைச் சிறிது சிறிதாக அசைத்து ஒரு சாண் நகர்த்தி நிறுத்த வேண்டும். இழுப்பு, நிறுத்தம், இழுப்பு என்று மாறி மாறி வரட்டும். தவளை எவ்வளவு சோம்பலாக வருகிறதோ அவ்வளவு நல்லது. நிறுத்தி வைத்திருக்கும் நொடியில்தான் பெரும்பாலும் விரால் அடிக்கும்.

‘களக்’ என்ற சத்தத்தோடு தண்ணீர் சுழித்து எழும். புதியவர்கள் எல்லோரும் தவறுவது இந்த இடத்தில்தான். சத்தம் கேட்டவுடன் பதறி இழுத்தால் தவளை மட்டும் வெறுமனே பறந்து வரும். கண்ணால் பார்த்து இழுக்காமல் கையால் உணர்ந்து இழுக்க வேண்டும். தவளை நீருக்குள் மறைந்து, நரம்பில் கனம் தெரிந்த பின், கோலை மேல்நோக்கிப் பலமாகச் சுண்டவும். மாட்டிய பிறகு தளர்த்தாமல் செடிக்கு மேலேயே இழுத்துக் கரைசேர்த்துவிட வேண்டும். அடித்தும் மாட்டாவிட்டால் அதே இடத்தில் மறுபடி வீசலாம். வாயில் குத்துப்படாத விரால் இரண்டாம் முறையும் வருவதுண்டு.

குஞ்சுக் கூட்டத்தின் அருகே வேண்டாம்

மழைக்காலத்தில் விரால் இனப்பெருக்கம் மும்முரமாக நடக்கும். ஓரத்துச் செடிகளை விலக்கி, மிதக்கும் பொன்னிற முட்டைகளை இடும். சுமார் ஒன்றரை நாளுக்குள் பொரித்துவிடும். பிறகு செந்நிறக் குஞ்சுகள் பெருங்கூட்டமாக மேற்பரப்பில் திரியும். மூச்சு வாங்க அவை மாறி மாறி எழும்போது அந்த இடத்தில் தூறல் விழுவதுபோல் தெரியும். அதற்கு அடியில் பெற்ற மீன்கள் காவல் நிற்கும். சுமார் ஒரு மாதத்துக்கு இந்தக் காவல் நீடிக்கும்.

அந்த நாட்களில் குஞ்சுக்கு அருகே எது வந்தாலும் காவல் மீன் பாயும். பசியால் அல்ல, குஞ்சைக் காக்க. ஆகவே கூட்டத்தின் நடுவே தவளையை வீசினால் தாய் மீன் நிச்சயம் போல் மாட்டும். இதைத் திறமை என்று பெருமைப்படுபவர்கள் உண்டு. காவல் மீன் போனவுடன் கெளுத்தி, குறவை, தண்ணீர்ப் பாம்பு, கொக்கு, நீர்க்காகம் ஆகியவை குஞ்சுகளைத் தீர்த்துவிடும். ஒரு கிலோ மீனைப் பிடித்ததாக நினைக்கிறவர் உண்மையில் ஒரு குளத்தின் வருங்கால மீனை அள்ளிவிட்டார்.

சிறுவாய் பாஸ் மீனிலும் இதே நிலைதான். அங்கே ஆண் மீன் மட்டும் கூட்டைக் காக்கிறது. அதைப் பிடித்துச் சிறிது நேரம் வெளியே வைத்துவிட்டுத் திரும்ப விட்டாலும், அந்த இடைவெளியில் மற்ற மீன்கள் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றுவிடுகின்றன. எனவே கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பல நீர்நிலைகளில் பாஸ் இனப்பெருக்கக் காலத்தில் அதைப் பிடிக்க அனுமதி இல்லை. நம் குளத்துக்கு நாமே அப்படி ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளலாம். செந்நிறக் கூட்டம் தெரிந்தால் வேறு கரைக்குப் போய்விட வேண்டும். ஓர் அடி நீளத்துக்குக் குறைந்த வரி விராலை எப்போது பிடித்தாலும் திரும்ப விட்டுவிட வேண்டும். அதில் பெரும்பாலானவை ஒரு முறைகூட முட்டையிட்டிருக்காது.

கெண்டை வளர்ப்போர் கவனத்துக்கு

பண்ணைக் குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால் வளர்ப்பவர்களுக்கு விரால் வரவு அல்ல, செலவு. பத்து சென்ட் குட்டையில் 200 குஞ்சுகள் விட்டதாக வைத்துக்கொள்வோம். நான்கு விரால்கள் நாளுக்கு ஒரு குஞ்சு வீதம் தின்றாலும் ஐம்பது நாளில் குட்டை காலி. தீவனம் போட்டவருக்கு அறுவடை நாளில்தான் உண்மை தெரியவரும்.

குட்டையை வற்றவைத்து வெயிலில் காயவிடுவது முதல் வழி. வற்றவைக்க முடியாத இடத்தில் இலுப்பைப் பிண்ணாக்கு இடலாம். பத்து சென்ட் பரப்பில் ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சுமார் 100 கிலோ தேவை. அதன் நஞ்சு நீங்க மூன்று வாரம் ஆகும். அதுவரை குஞ்சு விடக்கூடாது, மாட்டுக்கும் அந்த நீரைக் காட்டக்கூடாது. குஞ்சு விட்ட பிறகு விரால் நடமாட்டம் தெரிந்தால் பிண்ணாக்கும் போட முடியாது, வற்றவைக்கவும் முடியாது. அப்போது ரப்பர் தவளையே உதவி. கெண்டைகள் அதைத் தொடா. விரால் மட்டும் வரும். காலை மாலை ஒரு மணி நேரம் செலவிட்டால் சில நாளில் பெரிய விரால்களை எடுத்துவிடலாம். நீர் வரும் வாயில் கம்பி வலை கட்டுவதும், 10 செ.மீ.க்கு மேல் வளர்ந்த குஞ்சுகளையே விடுவதும் இழப்பைக் குறைக்கும்.

உயிரோடு சந்தைக்கு

பிடித்த விராலை ஈரத் துணியால் பற்றி, குறடு கொண்டு முள்ளைக் கழற்றவும். அகன்ற பாத்திரத்தில் மீனின் முதுகு நனையும் அளவுக்கு மட்டும் நீர் விட்டுப் போட வேண்டும். விளிம்புவரை தண்ணீர் நிரப்பி இறுக மூடினால் மூச்சு வாங்க இடமின்றி மீன் செத்துவிடும். துள்ளி வெளியே விழாமலிருக்க நனைத்த சாக்கை மேலே கட்டினால் போதும். நிழலில் வைத்திருந்தால் பல மணி நேரம் உயிரோடு இருக்கும்.

உடம்பில் சிவந்த புண் உள்ள மீனை விற்கவும் வேண்டாம், வேறு குளத்தில் விடவும் வேண்டாம். 1988-ல் வடகிழக்கு மாநிலங்களில் தோன்றிப் பிறகு நாடெங்கும் பரவிய புண் நோய் விராலையே கடுமையாகத் தாக்கியது. ஒரு பூஞ்சை போன்ற கிருமியால் வரும் இந்நோய், மழைக்குப் பின் வரும் குளிர்ந்த மாதங்களில் அதிகம் காணப்படும். அத்தகைய மீனை அகற்றிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்துவிட வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

பொது ஏரி, குளங்களில் மீன்பாசி உரிமை பெரும்பாலும் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். குத்தகைதாரரிடமோ ஊராட்சியிலோ கேட்டுக்கொண்ட பின்பே தூண்டில் போட வேண்டும். வெடி வைப்பதும் விஷம் கலப்பதும் 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டப்படியே குற்றம். மின்சாரம் பாய்ச்சி மீன் பிடிப்பதில் மீனுக்கு முன்னால் மனிதர் செத்த சம்பவங்கள் கிராமங்களுக்குத் தெரியாதவை அல்ல.

அறுந்த நரம்பையும் உடைந்த முள்ளையும் வரப்பிலோ வாய்க்காலிலோ எறியக்கூடாது. நரம்பு பறவையின் காலில் சுற்றும். முள், நடவுக்கு இறங்கும் பெண்களின் பாதத்தில் ஏறும். சேற்றுக்குள் கிடக்கும் துருப்பிடித்த முள்ளைக் கண்ணால் பார்க்க முடியாது. ஒரு சிறு டப்பாவில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்துவிட வேண்டும். மாலையில் கரையோரம் நடப்பவர்கள் செருப்பும் டார்ச் விளக்கும் இல்லாமல் போகக்கூடாது. மருந்து தெளித்த வயலின் வடிநீர் சேரும் குட்டையில் சில வாரங்களுக்கு மீன் பிடிக்க வேண்டாம். பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்குக் கடும் நஞ்சு என்பதால், தெளித்த நீரை வாய்க்காலில் வடிக்காமலிருப்பதே நல்லது.

மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடப்படும். அதன்பின் டெல்டா வாய்க்கால்களில் நீர் வடிந்து, ஆங்காங்கே மடுக்களில் மட்டும் மீன்கள் ஒதுங்கும். அடுத்த மழைக்கு முட்டையிட வேண்டிய விரால்கள் இவைதான். ஒவ்வோர் ஊரிலும் ஆழமான ஒரு மடுவையாவது கோடை முடியும்வரை கலக்காமல், இறைக்காமல் விட்டுவைத்தால், புதுத்தண்ணீர் வரும்போது அங்கிருந்தே ஊர் முழுவதற்கும் மீன் பரவும். மற்ற மடுக்களில் ரப்பர் தவளையை வீசலாம். பெரியதை எடுத்துக்கொண்டு சிறியதை விட்டுவிடுகிற ஊரில் விராலுக்குப் பஞ்சம் வராது.